ஆளுக்கு ஒரு பக்கம்

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். பேரணையில் பிரிந்து கள்ளந்திரி நோக்கிப் போகும் பெரியார் கால்வாயை நம்பி இருபோகம் விளைகிற ஊர்களில் ஒன்று. நெல், தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று பச்சைக்குக் குறைவில்லை. இந்த ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் நான் அளந்து போட்ட அரிசியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதனால் இன்றைக்கும் எனக்குச் 'சத்துணவு டீச்சர்' என்றுதான் பெயர்.

ஊரில் யார் இறந்தாலும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நூலகத்தில் இருக்கும் ஒரு லெட்ஜரில் சேர்க்கிறேன். பொங்கல் அன்று மாலை அந்த ஆண்டின் பக்கங்களை நூலக வாசலில் உட்கார்ந்து வாசிக்கிறோம். வேலை இவ்வளவுதான். மற்ற ஊர்களிலும் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அதனால்தான் எப்படிச் செய்கிறோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

2021 மே மாதம் இதற்குக் காரணம். கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் ஊரிலும் அடுத்தடுத்து ஆட்கள் போனார்கள். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுவராமல் நேராகத் தத்தனேரி மயானத்துக்கே கொண்டுபோனார்கள். நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை, கேதம் கேட்க வருவோர் இல்லை. ஒப்பாரி வைக்க ஆள் இல்லாமல் அந்த வீடுகள் அடைத்துக் கிடந்தன. மற்ற சாவுகளில் என்ன நடக்கும் என்பதை அப்போதுதான் நான் யோசித்துப் பார்த்தேன். கேத வீட்டுத் திண்ணையில் உட்காருகிற ஆண்கள் இறந்தவரைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த வருடம் காணி வாங்கினார், யார் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தார், எங்கே ஏமாந்தார் என்று பேச்சு நீளும். உள்ளே பெண்கள் அதையே பாட்டாக அழுவார்கள். பதினாறு நாளும் வந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒரு சேதி சொல்லிச் சொல்லி ஒருவருடைய வாழ்க்கை ஊர் நடுவில் முழுசாக வந்து நிற்கும். அந்த மே மாதம் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். பிறகு எல்லோருக்கும் எழுதுவது என்று ஆயிற்று.

சுவரொட்டி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. இறந்த மறுமணி நேரத்தில் டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுகிறார்கள். தோற்றம், மறைவு, ஆழ்ந்த இரங்கல், கீழே வருந்துவோர் பட்டியல். சாவுச் செய்தி சொல்ல அது போதும். ஆனால் படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் அதையே இன்னொருவருக்கு ஒட்டலாம். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்பதோடு முடிந்துவிடும்.

எங்கள் பகுதியில் வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மேலூரிலிருந்து வந்தவர் மேலூராள், உசிலம்பட்டியிலிருந்து வந்தவர் உசிலம்பட்டியாள். எங்கள் தெருவில் மேலூராள் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் மதினி முறை. அவர் இறந்த அன்று சுவரொட்டி அடிக்கப் பெயர் கேட்டார்கள். திண்ணையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலூர் அத்தை, மேலூர் அப்பத்தா என்று ஆயுள் முழுக்கக் கூப்பிட்டவர்களுக்கு அவருடைய பெயர் தெரியவில்லை. பேரன் உள்ளே ஓடிப்போய் ரேஷன் கார்டை எடுத்துவந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு அழகான பெயர் அது. குடும்பம் விரும்பாது என்பதால் இங்கே எழுதவில்லை, ஏட்டில் இருக்கிறது.

அன்று பிற்பகல் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மேலூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூட அவருடைய தங்கையும் வந்திருந்தார். கோடி போட்டு அழுது முடித்ததும் அவரைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். அக்கா ஐந்தாவது வரை படித்தவர் என்றார். எழுத்து முத்து முத்தாக இருக்குமாம். கல்யாணம் ஆகி வந்த புதிதில், கணவன் பட்டாளத்தில் இருந்த பெண்களுக்கு அவர்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். பொழுது சாய்ந்த பிறகு இன்லண்ட் லெட்டரை முந்தானையில் சுருட்டிக்கொண்டு கொல்லை வழியாக வருவார்களாம். யார் என்ன எழுதச் சொன்னார்கள் என்று கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. "அது அவர்கள் குடும்பக் கதை, உனக்கு எதற்கு" என்று வாயை அடைத்துவிடுவாராம்.

இதை உறுதி செய்துகொள்ள வேண்டும் அல்லவா? தெருக்கோடியில் இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவருடைய வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து வந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சொல்லாததையும் எழுதுவாள். திரும்ப வாசித்துக் காட்டுவாள். நான் சொல்ல நினைத்தது அதுவாகத்தான் இருக்கும்" என்றார். மேலூராளின் மகன்கள் இருவருக்கும் இது தெரியாது. பொங்கல் அன்று வாசித்தபோதுதான் கேட்டார்கள்.

ஆகவே, பெண்களைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் பிறந்த ஊர்க்காரர்களைப் பிடிக்க வேண்டும். கோடி போட வருகிற அன்றும் பதினாறாம் நாளும்தான் அவர்கள் வருவார்கள். பந்தி முடிந்தால் வேன் கிளம்பிவிடும். அதற்குள் அக்கா தங்கையோ அத்தை மகளோ யாராவது ஒருவரின் செல்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பதினெட்டு, இருபது வயது வரை எப்படி இருந்தாள் என்பது அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. புகுந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டே இருக்க மாட்டார்கள்.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று மகனிடம் கேட்டால், "தங்கமான மனிதர் டீச்சர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாது. நான் கேட்பவை வேறு. விடிந்ததும் முதலில் என்ன செய்வார்? கையில் எப்போதும் என்ன வைத்திருப்பார்? எந்த வேலைக்கு அவரைத் தேடி ஆள் வருவார்கள்? சாப்பாட்டில் எதை ஒதுக்குவார்? யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்? இப்படிக் கேட்டால் மகன் சிறிது யோசிப்பார். பிறகு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர் நீர்பாய்ச்சி ஒருவர் இறந்தார். கால்வாயில் தண்ணீர் விட்டால் மடை திறந்து, முறை வைத்து, வயல் வயலாகப் பாய்ச்சி விடுகிற வேலை. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அந்த வேலையைப் பார்ப்பவருக்கு ஊரில் பாதிப்பேர் பகையாளிதான். இவரோடு பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாத ஒரு விவசாயி இருந்தார். அவரைத் தேடிப் போனேன். முதலில் "என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்" என்று எரிந்து விழுந்தார். எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து சொன்னார்: "எனக்குக் கடைசி மடைதான் விட்டான். அதற்காகத்தான் சண்டை. ஆனால் அவனுடைய சொந்தத் தம்பி வயல் எனக்கும் அடுத்துத்தான் பாய்ந்தது. ஒரு தடவைகூட மாற்றி விட்டதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர்." அந்தப் பக்கத்தின் முதல் வரியாக அதைத்தான் வைத்தேன்.

வேலையைப் பற்றி எழுதும்போது பொதுவாக எழுதிவிட்டுப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "கொடிக்கால் வேலை பார்த்தார்" என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் விளங்காது. கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் தந்த பிறகு வெற்றிலைக் கொடியை ஊன்றுவார்கள். கொடி ஏற ஏற அகத்தியோடு சேர்த்து நாரால் கட்டிக்கொண்டே போக வேண்டும். கைக்கு எட்டாத உயரம் போய்விட்டால் கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதித்து மறுபடி ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் இறந்த ஒரு பெரியவர் ஆயுள் முழுக்கக் கொடி கட்டியவர். அவர் கட்டினால் அறுபடாது, சரியாது என்று தோட்டக்காரர்கள் அவரையே தேடி வருவார்கள். அது என்ன கட்டு என்று பேரனைக் கேட்டேன். தெரியவில்லை. அவரோடு வேலை பார்த்த இன்னொரு பெரியவரைக் கொடிக்காலுக்கே கூட்டிக்கொண்டு போய்ச் செய்து காட்டச் சொன்னேன். ஈர வாழை நாரைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கிழித்தார். அகத்தியை ஒட்டி இறுக்கமாக ஒரு சுற்று, கொடியைச் சேர்த்து விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இன்னொரு சுற்று. பிறகு முடிச்சுப் போடாமல் இரண்டு நுனியையும் முறுக்கி நாருக்கு அடியிலேயே செருகிவிட்டார். "முடிச்சுப் போட்டால் கொடி தடிக்கும்போது கழுத்தைப் பிடிக்கும் என்பான்" என்றார். பேரன் அதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். அந்த இலைக்குக் கொடி கட்டிய ஒருவருடைய கை எப்படி வேலை செய்தது என்பதும் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் கிடக்கும் பழைய நோட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் ஊர்த் தையல்காரர் பாய் இறந்த பிறகு அவர் மனைவி இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார்கள். நான் பெண் என்பதால் உள்ளே போய் உட்கார முடிந்தது. (ஏட்டுக்குச் சேதி சேகரிப்பவர்களில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்தச் சாதி, எந்த மத வீடானாலும் அடுப்படி வரை போக முடிந்தவர்களுக்குக் கிடைப்பது திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைப்பதில்லை.) அந்த அம்மா ஒரு பெட்டியிலிருந்து அவருடைய அளவு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

அந்த நோட்டுகளை வாசிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். உயரம், மார்பு, இடுப்பு, கை என்று பென்சிலால் எண்கள். ஒவ்வொரு ஜூன் மாதத்துக்கும் ஒரு வரி. பள்ளியில் தைத்து வருகிற சீருடை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. பிடித்தும் பிரித்தும் கொடுத்தது அவர்தான். ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள்: 'மடிப்பு அதிகம் விடவும், அடுத்த வருடமும் போடுவான்.' 'மிச்சத் துணியில் தம்பிக்கு டவுசர்.' 'காசு பிறகு.' இந்தக் 'காசு பிறகு' சில குடும்பங்களின் பக்கத்தில் வருடா வருடம் இருக்கிறது. அதற்குக் கீழே வரவு எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு பையனின் அளவு ஏழாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அந்த வரிக்கு நேரே 'திருப்பூர்' என்று ஒரே ஒரு சொல். நான் சோறு போட்ட பையன் அவன். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு நீண்ட நாள் வராதவன் என்று குறிப்பு இருந்தது. எங்கே போனான் என்று குறித்து வைத்தவர் தையல்காரர்தான்.

அவருடைய பக்கத்தில் நான் என் சொல்லாக அதிகம் எழுதவில்லை. அந்தக் குறிப்புகளில் சிலவற்றை, குடும்பப் பெயர்களை நீக்கிவிட்டு, அப்படியே எடுத்து எழுதினேன்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஒப்பாரி வெறும் அழுகை கிடையாது. இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், என்ன சீரோடு வந்தார், எதில் நொந்தார் என்று வரிசையாக வரும். மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் பட்ட அவமானம், விற்றுப்போன நிலத்தின் பெயர் எல்லாம் அதில் வரும். ஆண்கள் திண்ணையில் பேசத் துணியாததைப் பெண்கள் உள்ளே பாட்டில் சொல்லிவிடுவார்கள். அதற்காகச் செல்பேசியை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிவிடாதீர்கள். அது மரியாதை இல்லை. பாட்டும் நின்றுவிடும். நான் கூடவே உட்கார்ந்து கேட்பேன், வீட்டுக்கு வந்து நினைவில் இருப்பதைக் குறித்துக்கொள்வேன். சந்தேகம் இருந்தால் பின்னொரு நாள் பாடிய அத்தாச்சியிடமே கேட்பேன். ஆனால் அவர் வீட்டில் வைத்துக் கேட்கக் கூடாது. நல்லிருக்கும் வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள். களத்துமேட்டுக்கோ கால்வாய்க் கரைக்கோ வந்து, மெதுவாகச் சொல்லிக் காட்டுவார்கள். அதையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

எழுத வந்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. குடித்துக் குடும்பத்தை அழித்தவர், மனைவியை அடித்தவர், அண்ணன் சொத்தை எழுதி வாங்கியவர் எல்லாம் இறக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. நான் வைத்திருக்கும் வழி இது: மனைவியும் பிள்ளைகளும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பக்கம் என்பதால் அவர் குடித்ததை எழுத மாட்டேன். அதே காரணத்துக்காக, குடும்பத்தைக் கண்ணாகக் காத்தார் என்றும் எழுத மாட்டேன். அவர் நன்றாகச் செய்த ஏதாவது ஒன்று இருக்கும். மாட்டுக்கு லாடம் கட்டுவதாக இருக்கலாம், கும்மி அடிக்கும் பெண்களுக்குத் தாளம் பிடித்ததாக இருக்கலாம். அதைத் தேடிப்பிடித்து அதை மட்டும் எழுதுவேன். பக்கம் பாதியில் நின்றால் நிற்கட்டும். ஒரு பெண்மணி, தன் கணவரின் அரைப் பக்கத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "பொய் எழுதாமல் விட்டீர்களே, அது போதும்" என்றார்.

எழுதிய பக்கத்தை வாசிப்பதற்கு முன்னால் வீட்டில் காட்டிவிட வேண்டும். அவர்கள் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுகிறேன். சேர்க்கச் சொல்வதை மட்டும் விசாரித்துவிட்டுத்தான் சேர்ப்பேன்.

சின்ன வயதில் போனவர்களுக்கு எழுதுவது மிகக் கடினம். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் இருசக்கர வாகன விபத்தில் இறந்தான். அவனுடைய அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். அவர்கள் எழுதியது அப்படியே பக்கமாயிற்று. அதை அந்த ஆண்டு வாசிக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு அம்மாவே வந்து வாசிக்கச் சொன்ன பிறகுதான் வாசித்தோம்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். பெரியவர்களில் பலருக்கு ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். "வைகை அணை திறந்தபோது உங்கள் அண்ணன் மாடு மேய்க்கப் போனாரா, இன்னும் கைக்குழந்தையா?" என்று கேட்டால் 1959ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். மதுரையில் இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்த 1965 ஜனவரி, உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981, சத்துணவு தொடங்கிய 1982, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் என்று எங்கள் ஊர்க்காரர்களின் நாட்காட்டி இப்படித்தான் ஓடுகிறது. மூத்த மகள் மாநாட்டுக்கு முந்தி பிறந்தாளா பிந்தியா என்பது யாருக்கும் மறக்காது.

வீட்டில் நடந்த இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானால் கட்டணம், மேலதிகாரி அனுமதி என்று அலைச்சல் கூடும். இதற்கு ஆவணங்களை எடுத்துக் கொடுக்க நான் போய் உதவுவேன். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபார்ப்பது முக்கியம். பின்னால் வாரிசுச் சான்றிதழுக்கும் வங்கிக்கும் அதுதான் தொல்லை கொடுக்கும். அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கும்போதுதான் பழைய படங்களும் வெளியே வரும். அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயர் எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இறந்தவரின் செல்பேசியைப் பேரப்பிள்ளைகள் கைக்குப் போவதற்கு முன் ஒருமுறை பார்த்து, அவர் அனுப்பிய குரல் பதிவுகளை வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணும் வேறொருவருக்குப் போய்விடும்.

லெட்ஜரைப் பற்றி. தனித்தாள் கோப்பு வேண்டாம், பைண்டு செய்த நீள லெட்ஜராக வாங்குங்கள். எங்கள் ஊரில் மயானம்கூட ஒன்றாக இல்லை. ஏடு மட்டும் ஒன்றுதான், இறந்த தேதிதான் வரிசை. தங்கள் வகையறாப் பக்கங்களைத் தனியாக வைக்கலாமே என்று ஒரு தரப்பிலிருந்து கேட்டார்கள். முடியாது என்று சொன்னேன். கொஞ்ச காலம் அவர்கள் சேதி தரவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு அவர்கள் வீட்டுப் பெரியவருக்கும் எழுதினேன். வாசிக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டார்கள். அடுத்த சாவுக்கு அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஒருவருக்கு ஒரு பக்கம் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பண்ணையாருக்கும் ஒரு பக்கம், பண்ணையில் வேலை பார்த்தவருக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கம் போதுமா என்று கேட்பவர்களுக்குப் புலிமான்கோம்பைக் கல்லைச் சொல்வேன். ஆண்டிப்பட்டி வட்டத்தில், இதே வைகைக் கரையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகல் அது. கூடல் ஊரில் மாடு கவர நடந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவனுடைய கல் என்று தமிழி என்னும் பழைய எழுத்தில் சில சொற்கள், அவ்வளவே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் யார், எங்கே, எதில் மடிந்தார் என்பது நமக்குத் தெரிகிறது.

வாசிப்பதற்குப் பொங்கலைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. இறப்பு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பொங்கல் வைக்க மாட்டார்கள். ஊரே குலவை போட்டுக் கொண்டாடும்போது அந்த வீட்டுக்காரர்கள் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். அவர்களுக்குப் போக ஓர் இடம் வேண்டும். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்களும் அன்றுதான் ஊரில் இருப்பார்கள். தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுக்குக் கிளம்பிவிட்டால் இளைஞர்களைப் பிடிக்க முடியாது. எனவே தை முதல் நாள் மாலை. கோயில் வாசலில் வைக்காமல் நூலக வாசலில் வைத்ததால் பாய் வீட்டாரும் வருகிறார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் வருகிறார்கள். ஒலிபெருக்கி வைப்பதில்லை. அந்தந்தப் பக்கத்தை அந்த வீட்டைச் சேராத ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டார் வாசித்தால் பாதியில் தொண்டை அடைத்துவிடும். வாசித்து முடித்ததும் கூட்டத்தில் யாராவது, "அது அந்த வருடம் இல்லை, அடுத்த வருடம்" என்பார்கள். அதையும் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறோம். கடைசியாக ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி. பாராட்டுரை, பொன்னாடை, அரசியல் கட்சிக்காரர் பேச்சு எதையும் உள்ளே விடுவதில்லை. கேட்டு வந்தார்கள், மறுத்துவிட்டோம்.

இப்போது கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள் என்னோடு வருகிறார்கள். என்னைவிட அவர்கள் கேள்வி கேட்பது நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று இடத்தில் சேமிக்கிறார்கள், அச்செடுத்து வீட்டுக்கு ஒரு படி கொடுக்கிறார்கள். சிலர் அதைச் சட்டம் போட்டு இறந்தவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டுக்கான பக்கங்களில் ஒன்று இன்னும் முடியவில்லை. சந்தையில் கருவாடு விற்ற ஓர் ஆத்தா. பிள்ளைகள் இல்லை, புருஷன் வழியிலும் யாரும் இல்லை. கோடி போடவும் ஆள் வரவில்லை, தெருக்காரர்களே எடுத்துப் போட்டார்கள். பிறந்த ஊர் நத்தம் பக்கம் என்கிறார்கள், கொட்டாம்பட்டி என்றும் ஒருவர் சொல்கிறார். கொட்டாம்பட்டிச் சந்தையில் கருவாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள். வருகிற சந்தை நாளில் மூவரும் பஸ் ஏறிப் போய் விசாரிக்கப் போகிறோம்.